புஷ்ராடு அக்கா

பழவங்காடியில் எங்கள் ஸ்பேர் பார்ட்ஸ் கடை இருக்கும் சந்தில் அந்த அக்காவுக்குப் பெயரே தேவைப்படவில்லை. "புஷ்ராடு அக்கா வருது" என்று பக்கத்துக் கடைக்காரர் குரல் கொடுப்பார். உடனே நான் கவுண்டருக்கு அடியில் குனிந்து எதையோ தேட ஆரம்பித்துவிடுவேன். பயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். போன தடவை என்ன சொல்லி விற்றேன் என்பது எனக்கே மறந்திருக்கும். அவருக்கு மறந்திருக்காது.

எங்களுக்கு நாகர்கோவில் பக்கம். தாத்தா காலத்திலேயே திருவனந்தபுரம் வந்து கடை போட்டாயிற்று. 'ஒரிஜினல்தான் சார்', 'நாளைக்குக் காலையில வந்துரும்', 'இதைவிட நல்ல சரக்கு கிடையாது' என்கிற மூன்று வாக்கியங்களும் எங்கள் குடும்பச் சொத்து. இவற்றைப் பொய் என்று நாங்கள் நினைத்ததில்லை, உண்மை என்றும் நினைத்ததில்லை. வியாபாரம் என்றால் வாய் கொஞ்சம் வழவழப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த வழவழப்பு ஒரு சொட்டும் இல்லாத ஒரே ஆளாக நான் பார்த்தது புஷ்ராடு அக்காவைத்தான்.

கரமனைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தகர ஷெட்டில் அவருடைய ஒர்க்‌ஷாப். வயது நாற்பத்தைந்து இருக்கும். குள்ளம். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு, அதற்கு மேல் ஒரு துண்டை இடுப்பில் கட்டியிருப்பார். போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் பெண்கள் கட்டுகிற கட்டு அது. பிறந்தது அங்கே தோட்டத் தொழிலாளர் லயத்தில்தான். அவருடைய அப்பா தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். எஸ்டேட்டிலிருந்து கீழே இறங்கியவர் எப்படி ஸ்பேனர் பிடித்தார், யாரிடம் வேலை கற்றார் என்று கேட்டால், "பிடிச்சேன், வந்துச்சு" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

புல்லட் தெரியாதவர்களுக்காக நாலு வரி. பழைய இரும்பு எஞ்சின் புல்லட்டில் வால்வுகளைத் தூக்கிவிட இரண்டு ஒல்லிக் கம்பிகள் உண்டு. அவைதான் புஷ்ராடு. அவற்றின் நீளத்தை அடியில் ஸ்பேனர் போட்டுக் கூட்டலாம், குறைக்கலாம். கூடிப்போனால் வால்வு முழுசாக மூடாது, வண்டி கிளம்ப மாட்டேன் என்று மல்லுக்கட்டும். குறைந்துபோனால் எஞ்சின் கடகடவென்று அடிக்கும். அக்கா ஸ்பேனரைத் திருப்பிவிட்டு, கம்பியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, ஊதுபத்தி உருட்டுவது போல உருட்டிப் பார்ப்பார்.

"உருளணும், துள்ளப்படாது. கேட்டியா தம்பி?" என்பார். அது மட்டும் சரியாக அமைந்துவிட்டால் அவர் முகத்தில் ஒரு நிறைவு வரும், பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஒரே ஒரு தொல்லை. எஞ்சின் முழுசாக ஆறியிருந்தால்தான் கை வைப்பார். சூட்டில் இரும்பு வளரும், கணக்கு தப்பும். முந்தின நாள் சாயங்காலமே வண்டியை விட்டுவிட்டு பஸ் பிடித்துப் போக வேண்டும். புல்லட் வைத்திருக்கிறவனைப் பஸ்ஸில் போகச் சொன்னால் சும்மா இருப்பானா? நானே ஒரு தடவை தந்திரம் பண்ணினேன். என் வண்டியை ஓட்டிக்கொண்டு போய், பாலத்துக்குப் பக்கத்துப் பைப்பில் நாலு குடம் தண்ணீர் பிடித்து எஞ்சின் மேல் ஊற்றி, துணியால் துடைத்து, "ராத்திரி பூரா நின்ன வண்டிக்கா, தள்ளிக்கிட்டே வந்தேன்" என்று நீட்டினேன். அக்கா புறங்கையை சிலிண்டரில் வைத்தார். பிறகு சைலன்ஸரின் வளைவுக்குள் விரலைக் கொடுத்தார். அங்கே தண்ணீர் எட்டவில்லை, சூடு அப்படியே இருந்தது.

"தம்பி, சூட்டு இரும்புல பச்சத்தண்ணி ஊத்தினா விரிசல் விடும். வண்டிக்கு ஒண்ணும் ஆகல, அது உன் பாக்கியம். ஆனா நீ எங்கிட்ட பொய் சொல்லிட்டே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற ரெண்டு வாடிக்கையாளர்கள் காதில் விழும்படிதான் சொன்னார். அவர் எதையும் காதோடு காதாகச் சொல்கிற ஆளே இல்லை.

இதுதான் அக்கா. தப்பு எங்கே இருக்கிறதோ அங்கே விரலை வைத்து, அது யாருடைய தப்பு என்றும் சொல்லிவிடுவார். ஒரு எஸ்.ஐ. சத்தம் போடும் வண்டியோடு வந்து, "இதுல என்ன கம்ப்ளெயின்ட்?" என்று அதட்டலாகக் கேட்டார். அக்கா ஆயில் கேப்பைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "கம்ப்ளெயின்ட் உங்க மேலயாக்கும் சார். ஆறு மாசமா ஆயில் பாக்கல" என்றார். நான் அப்போது அங்கே கேஸ்கெட் கொடுக்கப் போயிருந்தேன். காசைக்கூட வாங்காமல் நழுவப் பார்த்தேன். எஸ்.ஐ. கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார், அப்புறம் "செரி, மாத்து" என்று சொல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அடுத்த மாதம் அதே ஸ்டேஷனிலிருந்து இன்னும் ரெண்டு புல்லட்கள் வந்தன.

எப்போதும் இப்படி நல்லபடியாக முடியாது. ஷெட்டின் சொந்தக்காரர் தன் பழைய வண்டியை விற்பதற்காக ஆளைக் கூட்டிவந்து, "சேச்சி, இவருக்கு வண்டியப் பத்தி ஒண்ணு சொல்லு" என்று கண்ணடித்தார். அக்கா சொன்னார். கிராங்க் கேஸ் உடைந்து வெல்டு வைத்த இடம் இது, முன் ஃபோர்க் வளைந்து நிமிர்த்திய இடம் இது, ஆனால் கியர்பாக்ஸ் தங்கம் என்று எல்லாவற்றையும் சொன்னார். வாங்க வந்தவர் போய்விட்டார். ஷெட்காரர் மூன்று மாதம் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தண்ணீர்ப் பைப்பையும் பூட்டிவைத்தார். நான் கேட்டேன், "உங்களுக்கு என்னத்துக்குக்கா இந்த வம்பு? கியர்பாக்ஸ மட்டும் சொல்லியிருக்கலாமே?"

"கேட்டாங்கல்ல தம்பி" என்றார். அவ்வளவுதான். அந்த மூன்று மாதமும் பாலத்துப் பைப்பிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்தார்.

கவடியார் சார் வந்தது அதற்கு அப்புறம். கவடியாரில் வீடு என்பதால் நாங்கள் வைத்த பெயர். வளைகுடாவில் இருந்து ஊர் திரும்பியவர், நல்ல மனிதர். அவரிடம் ஒரு பெரிய அமெரிக்க வண்டி இருந்தது. ரெண்டு சிலிண்டர், நாலு புஷ்ராடு. அதில் ஒரு வேலைக்காகக் கொச்சி வரைக்கும் போய் அலைந்து சலித்தவர், யாரோ சொல்லி அக்காவிடம் கொண்டுவந்தார். அவர் ஒரு ரைடிங் கிளப்பில் இருந்தார். பதினெட்டு வண்டிகள். இந்த வேலை சரியாக அமைந்தால் அத்தனை வண்டிகளும் இனி வருஷம் முழுக்க அக்காவின் ஷெட்டுக்குத்தான் என்று சொல்லியிருந்தார். அக்காவுக்கு அது வேண்டியிருந்தது. ஊரில் மற்ற மெக்கானிக்குகள் அவரைப் 'பழைய இரும்பை உருட்டுகிற பொம்பளை' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் காதுபடவே சொன்னார்கள். பெரிய எஞ்சின்களும் தன் கைக்கு வரும் என்று ஊருக்குக் காட்ட அவருக்கு அது ஒரு வாய்ப்பு.

அந்த எஞ்சினில் ஒரு வித்தியாசம் உண்டு. புஷ்ராடுக்கு அடியில் எண்ணெய் நிரம்பிய ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். ஹைட்ராலிக் லிஃப்டர். ஓடும்போது எண்ணெயே இடைவெளியைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் கம்பியை மாட்டும்போது, இடைவெளி இல்லாமல் தொட்டதும், அதற்கு மேல் சொன்ன கணக்குக்குச் சுற்றி, கிண்ணத்தைக் கொஞ்சம் அமுக்கி வைக்க வேண்டும். புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. அக்காவுக்குத் தமிழும் மலையாளமும் வாசிக்க வரும், இங்கிலீஷ் வராது. ஃபோனில் அந்தப் பக்கத்தை வரவழைத்து நான்தான் படித்துச் சொன்னேன். எத்தனை சுற்று என்று படித்தேன். கடையில் ஆள் காத்திருந்ததால் அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த குறிப்பை விட்டுவிட்டேன். பொடி எழுத்தைப் படிக்கிற வழக்கம் எங்கள் குடும்பத்திலேயே கிடையாது.

அக்கா கணக்குப்படி சுற்றினார். கம்பி ஆணி அடித்த மாதிரி இறுகி நின்றது. விரலால் உருட்டிப் பார்த்தார், அசையவில்லை. இருபது வருஷமாக உருட்டிய விரல் அது. இறுக்கமாக இருந்தால் தப்பு என்று அதற்குத் தெரியும். உருளும் வரைக்கும் தளர்த்திவிட்டார். நாலையும் அப்படியே வைத்து மூடினார். வண்டி கிளம்பியது. கவடியார் சார் சந்தோஷமாக ஓட்டிப் போனார். அன்று சாயங்காலமே கிளப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் அக்காவின் படத்தைப் போட்டுப் புகழ்ந்து தள்ளிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்து பொன்னாடை போர்த்தி வண்டிகளை ஒப்படைப்பதாக முடிவாயிற்று.

சனிக்கிழமை அந்த வழியாகப் போன கவடியார் சார், எஞ்சினை அணைக்காமலேயே ஷெட் வாசலில் நின்று ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார். நானும் அங்கே இருந்தேன். எஞ்சின் சத்தத்தில் எனக்கு வித்தியாசமாக ஒன்றும் கேட்கவில்லை. அவர் போன பிறகும் அக்கா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூடாயிட்டும் டிக் டிக்குன்னு கேக்குது. தம்பி, அந்தப் பக்கத்த எடு. ஒரெழுத்து விடாம படி."

படித்தேன். பொடி எழுத்துக் குறிப்பில் இருந்தது இதுதான்: சுற்றி முடித்ததும் கம்பி இறுக்கமாகத்தான் இருக்கும், லிஃப்டரிலிருந்து எண்ணெய் கசிந்து கம்பி விரலுக்கு உருளும் வரைக்கும் காத்திருக்க வேண்டும், தளர்த்தக் கூடாது. அக்கா என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன். தலையை ஆட்டிக்கொண்டு கை கழுவப் போனார்.

நான் பின்னாலேயே போனேன். "அக்கா, ஒண்ணு சொல்லட்டா? நாளைக்குப் பொன்னாடைய வாங்கிக்கிடுங்க. வண்டிகளும் வந்து சேரட்டும். திங்கக்கிழம சார்கிட்ட ஆயில் செக்கப்புன்னு சொல்லி வண்டிய வாங்கி, சத்தமில்லாம சரி பண்ணிருவோம். வண்டிக்கு ரெண்டு நாள்ல ஒண்ணும் ஆகாது. யாருக்கும் தெரியப் போறதில்ல."

"எனக்குத் தெரிஞ்சு போச்சே" என்றார்.

அன்று ராத்திரி எனக்குச் சரியான தூக்கம் இல்லை. ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன், அக்காவுக்காக நான் கவலைப்பட்டது பாதிதான். பதினெட்டுப் பேர் முன்னால் என் பெயர் அடிபடுமே என்கிற கவலை மீதிப் பாதி.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கரமனை அதிர்ந்தது. மாடி ஜன்னல்களில் எல்லாம் தலைகள். கிளப்பின் தலைவர் வங்கியில் மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டுச் சால்வையை விரித்துக்கொண்டு முன்னால் வந்தார். அக்கா ரெண்டு அடி பின்னால் போனார். எல்லாரும் மலையாளத்தில்தான் பேசினார்கள், நான் நம்ம பாஷையில் சொல்கிறேன்.

"சால்வ இருக்கட்டும் சார். முதல்ல ஒண்ணு சொல்லணும். இந்த வண்டியில நான் செஞ்ச வேல தப்பு. புல்லட்டுக்குச் செய்யுற மாதிரி செஞ்சுட்டேன். நாலு ராடும் லூஸு. இப்படியே ஓடினா லிஃப்டரும் கெடும், ராடும் வளையும்."

கவடியார் சார் முகம் வெளுத்துவிட்டது. குரூப்பில் புகழ்ந்து எழுதியவர் அவர்தானே. தலைவர் சால்வையை மெல்ல மடித்தார். "அப்படின்னா நாங்க வேற ஆளப் பாக்க வேண்டியதுதானா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

"அது உங்க இஷ்டம் சார். இத நான் இப்பவே சரி பண்ணணும். எஞ்சின் ஆறணும். ரெண்டு மணிக்கூராவது ஆகும். பாக்கணும்னு இருக்கிறவங்க இருக்கலாம்."

பதினெட்டில் ஒன்பது வண்டிகள் கிளம்பிப் போயின. போகும்போது ஒருத்தர், "இதுக்காடே காலைல இட்லி சாப்பிடாம வந்தோம்" என்று சொன்னது எல்லாருக்கும் கேட்டது. மீதிப் பேர் முக்குக் கடையில் டீ குடித்துவிட்டு வந்து ஷெட்டைச் சுற்றி நின்றார்கள். அக்கா புறங்கையை வைத்துப் பார்த்து, திருப்தியான பிறகு கவரைக் கழற்றினார். முதல் கம்பியை இடைவெளி இல்லாமல் தொடும் வரைக்கும் நீட்டி, அதற்கு மேல் புத்தகத்துக் கணக்கை வாய்விட்டு எண்ணிச் சுற்றினார். தலைவரைக் கூப்பிட்டு விரலை வைக்கச் சொன்னார். அவர் முக்கிப் பார்த்தார். கம்பி அசையவில்லை.

கூட்டத்தில் நின்ற பழைய புல்லட்காரர் ஒருவருக்குத் தாங்கவில்லை. "ரொம்ப இறுகிப்போச்சு சேச்சி! கொஞ்சம் லூஸ் பண்ணு!"

"பண்ணினேனே. அதுதான் தப்பு" என்றார் அக்கா. பக்கத்தில் நின்ற ரெண்டு மூன்று பேர் தங்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களும் புல்லட்காரர்கள்தான். அவர்கள் கையாக இருந்தாலும் அதையேதான் செய்திருக்கும்.

அக்கா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். ஒன்பது பேரும் ஒரு கம்பியைப் பார்த்துக்கொண்டு நிற்கிற காட்சியை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, அப்புறமும் பார்த்ததில்லை. பதினைந்து நிமிஷம் ஆனதும் அக்கா விரலை வைத்துப் பார்த்துவிட்டு ஒதுங்கினார். தலைவர் வைத்தார். கம்பி அவர் விரல்களுக்கு நடுவே அழகாக உருண்டது.

"யாரும் தொடலியே!" என்றார்.

"எண்ணெ எறங்கியிருக்கு சார். அதுக்கு வேண்டிய நேரத்த நாம குடுக்கணும்."

மற்ற எட்டுப் பேரும் வரிசையில் வந்து ஆளுக்கொரு தடவை உருட்டிப் பார்த்தார்கள். நாலு கம்பிக்கும் அதே காத்திருப்பு. மூன்று மணியாகிவிட்டது. யாரும் போகவில்லை. கவடியார் சார் ஸ்டார்ட் பண்ணினார். கொஞ்ச நேரம் டக்டக்கென்று அடித்தது. எண்ணெய் ஏறியதும் சத்தம் அடங்கி, அந்தப் பெரிய எஞ்சின் ஒரே சீராக ஓடியது. எனக்கே அந்த வித்தியாசம் கேட்டது. கவடியார் சார் வண்டியை அணைத்துவிட்டு அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார்.

தலைவர் மறுபடியும் சால்வையை விரித்தார். கையெல்லாம் கிரீஸ் என்பதால் அக்கா ரெண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு, பட்டில் கறை படாமல் அசையாமல் நின்றார். "போன ஒன்பதைப் பத்தி எனக்குத் தெரியாது சேச்சி. நிக்கிற இந்த ஒன்பது வண்டியையும் இனி நீங்கதான் பாக்கணும்" என்றார் தலைவர். கைதட்டினார்கள். நானும் தட்டினேன், எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினேன். தப்பித்துவிட்டோம் என்கிற சந்தோஷமும் அந்தக் கைதட்டலில் இருந்தது.

அப்போதுதான் தலைவர் சாவகாசமாகக் கேட்டார். "ஆமா, இதெல்லாம் புத்தகத்துல தெளிவா எழுதியிருக்குமே. பின்ன முதல் தடவை எப்படித் தப்பு வந்துச்சு?"

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. தலைவரைப் பார்த்தே சொன்னார். "புத்தகம் படிச்சுச் சொன்னது அந்தா நிக்கிற கடைக்காரத் தம்பி. அடிக்குறிப்ப அவரு விட்டுட்டாரு. வேற ஏதாச்சும் எழுதியிருக்கான்னு நான் கேக்கல. கேக்காம கை சொன்னதச் செஞ்சுட்டேன். எங்க ரெண்டு பேரோட தப்பு சார்."

ஒன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். ஜன்னல்களில் இருந்த தலைகளும் பார்த்தன. என் நாக்கில் ஐந்தாறு சமாதானங்கள் தயாராக வந்து நின்றன. எழுத்து பொடி, ஃபோன் திரை சின்னது, கடையில் கூட்டம். அக்கா சால்வையோடு கையை விரித்தபடியே நின்றுகொண்டிருந்தார். "ஆமா சார், நான்தான் விட்டுட்டேன்" என்றேன். தலைவர் சிரித்துவிட்டார், எல்லாரும் சிரித்தார்கள். "இனிமேயும் இவருதான் படிப்பாரா சேச்சி?" என்று யாரோ கேட்டார்கள்.

"அவருதான் படிப்பாரு. ஒரு தடவை விட்டவரு இனி விடமாட்டாரு" என்றார் அக்கா.

சில வருஷங்களுக்கு முன்னால் அக்கா மகளோடு ஓசூர் பக்கம் போய்விட்டார். அங்கேயும் ஷெட் போட்டிருப்பதாகக் கேள்வி. இங்கே கடைக்கு வருகிறவர்கள் இன்னும் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேசுவதுண்டு. அந்த அமெரிக்க வண்டியைச் சரி பண்ணியது யார் என்று கேட்டால், அக்கா என்று சொல்வேன். முதலில் அதில் தப்புப் பண்ணியது யார் என்று கேட்டால் நெஞ்சை நிமிர்த்தி, 'அக்காவும் நானும்' என்று சொல்வேன்.